மேனேஜருக்கு பஸ்ஸில் இடம் இல்லை

அக்டோபர் 7

காலையில் நல்ல வேடிக்கை. பழைய பனியனைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டுப் போட்டு, மேலே கொஞ்சம் சிவப்பு மருந்தைத் தடவிக்கொண்டு, கேட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் கேன் போடுகிறவன் தோளில் கேனோடு வந்தான்.

"என்ன தாத்தா, காலுல?"

"மேனேஜர் கடிச்சிட்டார்ப்பா. நேத்து சாப்பாடு கொஞ்சம் லேட்டு. சோறு போடுற காலையே இப்படிக் கடிக்கிறவரு, கேன் போடுற காலை விட்டு வைப்பாரா?"

கேனைத் தெருவிலேயே உருட்டிவிட்டு ஓடினான். ஓட்டமென்றால் ஓட்டம்! மேனேஜர் வாசல் மிதியடியில் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஐஸ் கம்பெனி கேட்டில் நான் வாட்ச்மேனாக இருந்தபோது குட்டியாக வந்து ஒட்டிக்கொண்ட நாய். வேலை எதுவும் பார்க்காமல் எல்லாரையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். இப்போது கிழம். முன்பல் ஒன்றுகூடக் கிடையாது. பின்னங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டுவிட்டன. பாலில் ஊறிய ரொட்டியைத்தான் விழுங்குகிறார். இதெல்லாம் எனக்கும் பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் நாலு பேரைப் பதம் பார்த்த நாய். அந்த நாலு பேரும் நான் பெற்ற பிள்ளைகள், என் வாயில் பிறந்தவர்கள்.

தையல்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டித் திட்டினாள். "ஏண்ணே, அந்த வாயில்லா ஜீவன் பேரை ஏன் இப்படிக் கெடுக்குறீங்க?"

"பேரு கெட்டாத்தான், தங்கச்சி, திருடன் வரமாட்டான்."

"உங்க வீட்டுல திருட என்ன இருக்கு, உங்க வாயைத் தவிர?"

அக்டோபர் 9

மகள் போன் பண்ணினாள். கடலில் புயல் கிளம்பியிருக்கிறதாம், பெரியதாம். உடனே அவள் வீட்டுக்கு வரவேண்டுமாம்.

"மேனேஜர்?"

"அப்பா, அந்த நாயை எங்க அபார்ட்மென்ட்டுல விடமாட்டாங்க. எத்தனை தடவை சொல்றது?"

புயல் என்றைக்குச் சொன்ன நாளில் வந்திருக்கிறது, பார்க்கலாம் என்றேன். வைத்துவிட்டாள்.

அக்டோபர் 10

காற்றே இல்லை. கொடியில் துணி செத்துத் தொங்குகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 11

ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்து போனது. கடலோரத் தெருவெல்லாம் நாளை மத்தியானத்துக்குள் காலி பண்ண வேண்டும். மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் விடுகிறார்கள். எங்கள் தெருச் சங்கத்து செகரட்டரி வீடு வீடாக வந்து சொன்னார். ஆடு, நாய், பூனை எல்லாம் சைக்கிள் ஷெட்டில் இருக்கலாம். ஆனால் இந்த வருஷத்து ஊசி கார்டு வேண்டும், சங்கிலி வேண்டும், வாய்க்கூடு வேண்டும், ஒரு வாரத் தீனி கையில் இருக்க வேண்டும்.

"நாய் உங்களுது, பொறுப்பும் உங்களுதுண்ணே. ஒண்ணு குறைஞ்சாலும் ஏத்த மாட்டேன். உங்க நாய் விஷயம் தெருவுக்கே தெரியும்."

கார்டைத் தேடி எடுத்தேன். காலாவதியாகி ரெண்டு வருஷம். கிழ நாய்க்கு எதற்கு ஊசி என்று விட்டது.

ஆட்டோக்காரன் எனக்கு ஒரு வாடகை, மேனேஜருக்கு ஒரு வாடகை கேட்டான். மிருக ஆஸ்பத்திரி வாசலில் ஊரே நின்றது. எல்லாருக்கும் இன்றைக்குத்தான் ஞானம் வந்திருக்கிறது, எனக்கு மட்டுமா. ஊசிக்கு, கார்டுக்கு, மூட்டு மாத்திரைக்கு என்று கேஸ் சிலிண்டருக்கு வைத்திருந்ததும் போனது, கண்ணாடி மாற்ற வைத்திருந்ததும் போனது. ஒரு கூண்டின் விலையைக் கேட்டேன்.

"இந்தக் காசுக்கு நான் ஒரு கட்டில் வாங்குவேனேப்பா."

கம்பவுண்டர் நிமிரவே இல்லை. "கட்டில் மடங்காது பெரியவரே. கூண்டு மடங்கும்."

வாங்கவில்லை. வாங்கக் கையில் இல்லை. வாய்க்கூடு எந்தக் கடையிலும் இல்லை, எல்லாம் விற்றுப்போனது. மூட்டை கட்டிக்கொண்டிருந்த தையல்காரி அதைப் போட்டுவிட்டு, பழைய தோள்பையின் வாரை அறுத்து ஒரு வாய்க்கூடு தைத்தாள். டேப்பை வைத்து மூக்கை அளந்தாள். "ஆட வேண்டாம்னு சொல்லுங்க உங்க மேனேஜரை." அவர் அசையவே இல்லை, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கூலி எவ்வளவு தங்கச்சி?"

"ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருங்க. அதான் கூலி."

அக்டோபர் 12

 நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பஸ் வந்தது. கார்டைக் காட்டினேன். சங்கிலி இருந்தது, வாய்க்கூடு இருந்தது, ரொட்டி மூட்டை இருந்தது. செகரட்டரி முகத்தைச் சுளித்தார். சுளித்தாலும், "சரி, கடைசி சீட்டுக்குப் போங்க" என்றார். சொன்னார். சத்தியமாகச் சொன்னார். மேனேஜரை நானும் தையல்காரியும் இடுப்பில் துணி கொடுத்துத் தூக்கி முதல் படியில் வைத்தோம். அதோடு ஏறிப் போயிருக்கலாம்.

முன் சீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டு, "ஐயோ, அந்தக் கடி நாயா?" என்றாள். நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா? "அம்மா, இவருக்குப் பல்லே கிடையாது, எல்லாம் நான் கட்டின கதை" என்று வாய்க்கூட்டைக் கழற்றினேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். என் கையை அவர் வாய்க்குள் விட்டேன். டிரைவர் ஹாரன் அடித்தான். மேனேஜர் வாயை மூடினார். வெறும் ஈறு, வழவழ என்று. நான் — பழக்க தோஷம், சிரிக்கட்டுமே என்று — "ஐயையோ, கடிச்சிட்டாரே!" என்று கத்தினேன்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

கைக்குழந்தைக்காரி அலறினாள். பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள், முன்னால் இருந்தவர்கள் என்மேல் விழுந்தார்கள். யாரோ மேனேஜரைக் காலால் தள்ளிவிட்டார்கள். படியிலிருந்து உருண்டார். நான் அவரைப் பிடிக்க இறங்கினேன்.

"விளையாட்டுக்குச் சொன்னேன் தம்பி! கையைப் பாருங்க, ஒரு கீறல் இருக்கா?"

செகரட்டரி கையைப் பார்க்கவில்லை. "அண்ணே, நேத்து சொன்னது பொய்யா, இன்னைக்கு சொல்றது பொய்யான்னு நின்னு பிரிச்சுப் பாக்க எனக்கு நேரமில்ல. பஸ்ஸு நிறையப் பிள்ளைங்க இருக்கு. நீங்க ஏறுங்க. நாய் வேண்டாம்."

நான் ஏறவில்லை. தையல்காரி இறங்கப் பார்த்தாள், அவள் புருஷன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். பஸ் போய்விட்டது.

அக்டோபர் 12, சாயங்காலம்

டாக்ஸிக்காரன்: "மழையும் நாயும் சேந்தா என் சீட்டு அவ்வளவுதான்." மேட்டில் உள்ள லாட்ஜ்: மனிதர்களுக்கே இடமில்லை. காசு வாங்கிக்கொண்டு நாய்களைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறதாம், நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். ஒரு மாத முன்பணம் கேட்டார்கள். கடன் வாங்கித் தருகிறேன் என்றேன். அதற்குள் யாரோ அந்த இடத்தையும் பிடித்துவிட்டார்களாம்.

மகள் போனில் அழுதாள். "ஒரு நாய்க்காக சாகப் போறீங்களா? என்னை நினைச்சுப் பாத்தீங்களா?" என்ன பதில் சொல்ல? நினைச்சேன்மா. உன்னையும்தான் நினைச்சேன்.

கடல் சத்தம் தெரு முனையில் கேட்குது.

மொட்டை மாடியில் கட்டிப்போட்டுட்டுப் போகலாம்னு நினைச்சேன். ரெண்டாவது படிக்கு மேலே என்னால தூக்க முடியல. அப்புறம் அதையும் செஞ்சேன் — எழுதவே கை கூசுது — கேட்டைத் திறந்துவிட்டு சங்கிலியை அவுத்தேன். எங்கேயாவது மேட்டைப் பாத்துப் போகட்டும்னு. "போடா" ன்னேன். "டேய், போயேண்டா. எவன் வீட்டுலயாவது போய்ப் படுடா." இத்தனை வருஷத்துல ஒரு நாள் அவரை டா போட்டதில்ல. என்னை ஒரு பார்வை பாத்துட்டு, தேய்ச்சுத் தேய்ச்சு வந்து மிதியடியில படுத்துக்கிட்டார். வாலை ஆட்டினார். நான் ஏதோ புது விளையாட்டு விளையாடுறேன்னு நினைச்சிருப்பார்.

கேட்டைச் சாத்திட்டேன்.

அக்டோபர் 13

காலை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு ஆள் இல்லை. மேனேஜரை மேசைமேல் ஏற்றியிருக்கிறேன். எப்படி ஏற்றினேன் என்று கேட்டால் தெரியாது. மேசை உயரம் எனக்கு இடுப்பளவு. அதற்கு மேலே தண்ணீர் வந்தால்? அதற்கு மேலே எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 15

உயிரோடு இருக்கிறேன். இருக்கிறோம்.

அன்றைக்குக் காலையில் இதை மூடி வைத்த கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டிச் சத்தம். தண்ணீர் கேன்காரனின் சின்ன லோடு வண்டி. வீடுகளில் இருக்கும் காலி கேன்களைப் பொறுக்கிக்கொண்டு போக வந்திருந்தான், தொலைந்தால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். நான் கேட்டில் நின்று கத்தினேன். வண்டி நின்றது, ஆள் இறங்கவில்லை.

"நாய் எங்க?"

"மேசை மேல. தம்பி, அது கடிக்காது."

"உங்க காலுக் கட்டு எங்க?"

வேட்டியைத் தூக்கி ரெண்டு காலையும் காட்டினேன். வண்டிக் கண்ணாடியை இறக்கி ரொம்ப நேரம் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது.

"அப்ப எல்லாம் சும்மாவா? எத்தனை நாள் உங்க கேட்டைத் தாண்டும்போது உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்கேன் தெரியுமா? சின்ன வயசுல நாய் கடிச்சுத் தொப்புளச் சுத்தி ஊசி போட்டவன் நான். உங்களுக்கு அது சிரிப்பு."

வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.   மழை அவன் கண்ணாடி வழியாக உள்ளே அடித்தது. இனி கிளம்பிவிடுவான் என்று நினைத்தேன். இறங்கிப் பின்கதவைத் திறந்தான்.

"ஏத்துங்க. நீங்க முன்னாடி வரக்கூடாது, அது கூடவே பின்னாடி உக்காரணும். எழுந்தா பிடிச்சுக்கணும்."

"நான் ஒருத்தனா தூக்க முடியாது தம்பி."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கினான். அவன் கை நடுங்கியது மேனேஜரின் உடம்பு வழியாக என் கைக்குத் தெரிந்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம், அவன் வேலை பார்க்கிற தண்ணீர் கம்பெனிக்கு வந்து சேர்ந்தோம். கேன் நிரப்புகிற ஹாலில் புயலைக் கழித்தோம். கேன்காரர் கேன் அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்தார், கீழே இறங்கவில்லை. ஒரு பக்கத் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போனபோது மேனேஜர் ஊளையிட்டார், நானும்தான். காலையில் கண் விழித்தால், கேன்காரர் துடைப்பக் கட்டையின் நுனியில் ரொட்டியை வைத்து மேனேஜர் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறார். நான் தூங்குகிற மாதிரியே கிடந்தேன்.

அக்டோபர் 18

தெருவைப் போய்ப் பார்த்தேன். வாசல் பக்கச் சுவர் இல்லை. மேசை தையல்காரி வீட்டு ஜன்னலில் செருகிக் கிடக்கிறது. அவள் நல்லாயிருக்கிறாள், மிஷினில் சேறு. என்னைப் பார்த்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் அழுதாள். நான் வாயே திறக்கவில்லை.

அக்டோபர் 19

மகள் கார் எடுத்துக்கொண்டு வந்தாள். "வீடு போயிடுச்சு, இனிமே என்னப்பா? நீங்க மட்டும் வாங்க, அந்த நாயை இங்கேயே பாத்துப்பாங்க." காரில் ஏறி உட்கார்ந்தேன். பெல்ட்டெல்லாம் மாட்டிவிட்டாள். கம்பெனி வாசலைத் தாண்டவில்லை, இறங்கிவிட்டேன். அவள் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 24

கேனுக்கு மூடி அழுத்தி லேபிள் ஒட்டுகிற வேலை எனக்கு. கை மெதுவாகத்தான் ஓடுகிறது, முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரிப் போகிறார். நான் வேலையில் இருக்கிறவரை மேனேஜர் பின்பக்க ஷெட்டில் இருக்கலாம், ஹாலுக்குள் வரக்கூடாது என்று பேச்சு. பாதிச் சம்பளம் அவர் மாத்திரைக்கும் பாலுக்கும் போகிறது. மீதியில் நான் சாப்பிடுகிறேன். அவர் இப்போது முன்னங்காலையும் ஊன்றுவதில்லை, கோணிமேல் வைத்து இழுத்துக்கொண்டு போய் வெயிலில் போடுகிறோம்.

மத்தியானம் மகள் போன். "எப்பப்பா வருவீங்க?"

"மேனேஜர் ரிட்டயர் ஆகட்டும்மா."

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுபோய், லைனில் வெறும் காற்றுச் சத்தம். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"சாப்பிட்டாரா?" என்றாள்.