சீனிக்கு நகம் வெட்டும் வெள்ளிக்கிழமை

என் அத்தாவுக்கு, மகள் ரஹ்மத்தின் சலாம்.

நீங்கள் அடங்கியிருக்கும் கபர்ஸ்தானுக்குள் நம் பக்கத்தில் பெண்கள் போவதில்லை. வெளி கேட்டோடு நின்று சலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். ரோட்டோரம் நின்றுகொண்டு எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு ஒரு நோன்பும் வந்து போய்விட்டது, அத்தா. ஒரே ஒரு ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கை தானாக இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிடுகிறது. பாலக்கரைக் கடைத்தெருவின் சத்தமெல்லாம் கீழேயே நின்றுவிடுகிறது. மாடி ஏறிக் கதவைச் சாத்தினால் ஃபேன் சத்தம் மட்டும்தான். வீட்டில் இப்போது நானும் சீனியும்.

சீனி என்றைக்கும் உங்கள் பூனைதான். கீழே மளிகைக்கடை வாசலில் காலிச் சீனிச் சாக்குக்குள் கிடந்த குட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர் நீங்கள்தானே. இப்போது அவளுக்கும் வயதாகிவிட்டது. பகல் முழுக்க உங்கள் கட்டிலுக்கடியில் படுத்திருக்கிறாள். சோறு வைத்தால் வருவாள், தின்றுவிட்டுப் போய்விடுவாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததே இல்லை.

கொஞ்ச நாளாக அவள் நடந்தால் தரையில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. உங்கள் காலத்தில் அவள் நடப்பதே தெரியாது. ஒரு நாள் நான் தொழுதுகொண்டிருக்கும்போது முஸல்லா விரிப்பில் அவள் நகம் மாட்டிக்கொண்டது. இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கத்தினாள். வயதான பூனைகள் எதையும் பிராண்டுவதில்லை போல. நகம் தேயாமல் தடித்துக்கொண்டே போகிறது. அதற்கப்புறம் முன்னங்காலை ஊன்றாமல் நடக்க ஆரம்பித்தாள். தூங்கும்போது மெல்லப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் கொக்கி மாதிரி சுருண்டு, பாதத்தின் மெத்தையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் உங்கள் நகத்தை வெட்டும்போது அவளுக்கும் வெட்டிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எப்படி வெட்டுவீர்கள் என்று பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. சாயங்காலம் வந்தால், அவள் காலைத் தூக்கிக் காட்டிச் சொல்வீர்கள்: “பாரும்மா, ரெண்டு பேரும் சுத்தமா இருக்கோம்.”

அந்தத் தைரியத்தில்தான் உங்கள் நகவெட்டியை எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை முழங்காலுக்கு நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைக்கு வந்த முதல் நகத்தை வெட்டினேன். மனுசர் நகவெட்டி அத்தா அது, தட்டையானது. நகம் நசுங்கிப் பிளந்தது. ரத்தம் வந்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் நகவெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ரத்தம் தானாக நின்றது. ஆனால் அன்றைக்கு அவள் சோற்றுக்கு வரவில்லை. கையை நீட்டினால் சீறினாள்.

மறுநாள் வேலைவிட்டு வந்து பூட்டைத் திறந்தேன். அவள் கூடத்தில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஓடினாள். நான் செருப்பைக் கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றேன். இந்த வீட்டில் மூச்சு விடுகிற இன்னொரு உயிர் அது ஒன்றுதான். அதுவும் என்னைப் பார்த்து ஒளிகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தம்பி அன்வரிடம் சொன்னேன். ஷார்ஜாவிலிருந்து அவன் பேசும்போதெல்லாம் பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்கும். “அக்கா, யாருக்காவது கொடுத்துடுங்க. நீங்களே தனியா கஷ்டப்படுறீங்க. இங்க வந்து எங்களோட கொஞ்ச நாள் இருங்க” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் காலும் வீங்க ஆரம்பித்திருந்தது.

முருகேசன் மாமாவுக்குப் போன் போட்டேன். நீங்கள் ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் உங்களோடு ஒரே ரூமில் இருந்தவர். மாமி இறந்த பிறகு ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார். உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தபோதே, “பூனையைப் பார்த்துக்க முடியலைன்னா சொல்லும்மா” என்று சொல்லியிருந்தார். இப்போது கேட்டதும், “கொண்டு வா, நான் வச்சுக்கறேன்” என்றார், ஒரே வார்த்தையில்.

மூடி போட்ட கூடையில் அவளை வைத்துத் துணியால் கட்டி ஆட்டோவில் ஏறினேன். மெயின்கார்டு கேட் வரை கத்திக்கொண்டே வந்தாள். காவிரிப் பாலத்தில் காற்று அடித்ததும் அமைதியாகிவிட்டாள். ஆற்றில் மணல்தான் அதிகம், ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். கூடையின் இடுக்கு வழியாக ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

மாமா வீடு அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கூடைக்குள் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

“இத யாரும்மா வெட்டினது?”

“நாந்தான் மாமா. அத்தா வெட்டுற மாதிரி வெட்டலாம்னு...”

“உங்கத்தாவா? பாய் ஒரு நாளும் வெட்டினதில்லையே. வெட்டுறது நான். அவரு மடியில வச்சுக்குவாரு.”

எனக்குப் புரியவில்லை. “நீங்க எப்ப மாமா வருவீங்க?”

“மாசத்துல ரெண்டு வெள்ளி. நீ வேலைக்குப் போனப்புறம் பஸ்ஸுல வருவேன். ரெண்டு பேரு நகத்தையும் வெட்டிட்டு, அவரைப் பள்ளிவாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டுட்டுக் கிளம்பிடுவேன்.”

“பள்ளிவாசலுக்குக் கூட்டிட்டுப் போகணுமா? தெருமுனையிலதானே இருக்கு?”

மாமா ரேடியோவை நிறுத்தினார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். “உனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார். “கண்ணும்மா. வலது கண்ணு சுத்தமாப் போயிருச்சு. இடதுல நெழலாத்தான் தெரியும்னாரு. சுகர். டாக்டர்கிட்ட நாந்தான் கூட்டிட்டுப் போனேன். ரொம்ப லேட்டுன்னுட்டாங்க.”

அத்தா, சாயங்காலம் பேப்பரை என்னிடம் நீட்டி, “நீ படிச்சாத்தான்மா நல்லாயிருக்கு” என்பீர்களே. உங்களுக்குப் பேச்சுத்துணை வேண்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். விளம்பரத்தைக்கூட விடாமல் படித்துக் காட்டினேன். ஊரார் உடம்பையெல்லாம் படம்பிடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை? வேலையை விட்டுவிடுவேன் என்று பயந்தீர்களா? நான் எந்தச் சேலை கட்டியிருக்கிறேன் என்றாவது அந்தக் கடைசி நாட்களில் உங்களுக்குத் தெரிந்ததா?

நான் அழுது முடிக்கும் வரை மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து ஒரு சின்ன நகவெட்டியைக் கொண்டுவந்தார். கத்தரிக்கோல் போல, முனை வளைந்தது. “இது பூனைக்குன்னே விக்கிறது. மொதல்ல அந்த நகத்தைப் பார்ப்போம்” என்று கூடைக்குள் கை விட்டார். அவள் பிராண்டிவிட்டாள். துள்ளி வெளியே வந்து, சுவரோரமாக ஓடி, போக வழி தெரியாமல் சுற்றிவிட்டு, என் மடியில் ஏறிப் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதைப் பாசம் என்று சொல்லமாட்டேன். அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த வாசனை நான் ஒருத்திதான். ஆனாலும் அவள் என் மடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை, அத்தா. அவள் உடம்பு என்ன சூடு! நெஞ்சு என்ன அடி அடிக்கிறது!

“அப்படியே வச்சுக்க” என்றார் மாமா. “இறுக்காத. இறுக்கினா பயந்துரும். பேசிக்கிட்டே இரு.”

“என்ன மாமா பேசுறது?”

“உங்கத்தா உன் கதையத்தான் சொல்லுவாரு. நீ ஆபீஸ்ல என்ன சாப்பிட்ட, யாரோட சண்ட போட்ட, எல்லாம்.”

நானும் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. மாமா அவள் பாதத்தை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினார், நகம் வெளியே வந்தது. அதை வெளிச்சத்துக்குக் காட்டி, “உள்ள ரோஸா ஒரு கோடு தெரியுதா? அதுல ரத்தமும் நரம்பும் ஓடுது. அது பக்கத்துலயே போகக்கூடாது. முனையில கண்ணாடி மாதிரி இருக்கிறத மட்டும் எடுக்கணும். சந்தேகமா இருந்தா கொறச்சு வெட்டு” என்றார். சுருண்ட நகத்தின் அடியைப் பார்த்தார். “தோலுக்குள்ள எறங்கியிருந்தா டாக்டர்கிட்டதான் போகணும். இது அழுத்தத்தான் செய்யுது.” கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று தடவையாக வெட்டி எடுத்தார். அவள் வால் படபடவென்று அடிக்க ஆரம்பித்ததும் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டார். “போதும். மிச்சம் இன்னொரு நாளைக்கு. கோவத்துல இருக்கும்போது வெட்டக்கூடாது.” எப்போதாவது தப்பி ரத்தம் வந்துவிட்டால், சோளமாவை ஒரு சிட்டிகை எடுத்து நகத்து மேல் அழுத்திப் பிடிக்கச் சொன்னார்.

கிளம்பும்போது, “விட்டுட்டுத்தானே போற?” என்று கேட்டார். அவருக்கும் துணை வேண்டியிருந்தது என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

“இல்ல மாமா. கூட்டிட்டுப் போறேன்.”

கூடையின் துணியை அவரே இறுக்கிக் கட்டினார். அப்புறம், “அப்ப நகவெட்டிய எடுத்துட்டுப் போ” என்றார்.

நான் உடனே வெட்டவில்லை. தினமும் சோறு வைக்கும்போது அவள் காலை ஒரு நிமிடம் பிடித்துவிட்டு விட்டுவிடுவேன். முதலில் இழுத்துக்கொள்வாள். பிறகு இழுப்பதை மறந்தாள். நடுவில் மாமா வந்து மிச்ச நகங்களை வெட்டிவிட்டுப் போனார். நான் மடியில் வைத்துக்கொண்டு பேசினேன். அன்றைக்கு அவருக்காக மீன் இல்லாமல் சாம்பார் வைத்தேன். உங்கள் இடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

வீடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அத்தா. ஃபேன் சத்தம் அதே சத்தம்தான். சீனி இப்போதும் உங்கள் கட்டிலுக்கடியில்தான் தூங்குகிறாள். கூப்பிட்டால் வருவதில்லை. ஆனால் கதவைத் திறந்தால் ஓடுவதில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அரை நாள் லீவு போட்டேன். ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து, அவளை மடியில் கிடத்தி, நான் ஒருத்தியாகவே வெட்டினேன். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. கீழே பாங்கு சொன்னபோது வலது கால் முடிந்திருந்தது. வால் லேசாக ஆடியது, நிறுத்திவிட்டேன். முட்டையின் மஞ்சள் கரு கொஞ்சம் கொடுத்தேன். தின்றுவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்து வெட்டாத இடது காலை நக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கால் நாளைக்கு. அவளை யாருக்கும் கொடுக்கமாட்டேன், அவசரப்படவும் மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டிய
மூத்த மகள்
ரஹ்மத்