எந்தக் கால் முன்னால்

ஜூன் 1, ஞாயிறு

போலோ மைதானத்தில் அக்காவை அரை மணி நேரம் காக்க வைத்துவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டே ஓடினால், அவள் பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து பெண்கள் லாங்போர்டில், அந்த நீளச் சக்கரப் பலகையில், வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

“நல்லா இருக்குலாடா” என்றாள். அவ்வளவுதான்.

விபத்துக்குப் பிறகு இவள் வாயிலிருந்து ‘நல்லா இருக்கு’ என்று ஒரு வார்த்தை வந்து எத்தனை நாள்! போன வருஷம் சிக்னலில் நின்றிருந்த அவள் மோட்டார் சைக்கிளைப் பின்னாலிருந்து ஒரு கார் இடித்தது. முறிந்த எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் இன்றுவரை இரண்டு சக்கரத்தில் ஏறவில்லை. பல் கிளினிக் வேலைக்கு நான்தான் காரில் ஏற்றி இறக்குகிறேன். முன்பெல்லாம் ஷாமினி அக்கா என்றால் எங்கள் செமோர் ஊர் முழுக்க மோட்டாரில் சுற்றுகிறவள் என்று பெயர்.

அக்கா பிறந்தநாள் 15ஆம் தேதி. ஒரு பலகை வாங்கிவிட வேண்டியதுதான்.

ஜூன் 4, புதன்

வேலை முடிந்து ஈப்போவில் ஷான் வேலை செய்யும் கடைக்குப் போனேன். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். மூன்று நாளாக வேகப் பலகைகளைப் பற்றிப் படித்து வைத்திருந்தேன். வளையாத பலகை, மலை இறக்கத்துக்கு. அதைக் காட்டச் சொன்னேன்.

“யாருக்கு மச்சான் வாங்குற? அக்காவுக்கா, ஒனக்கா?”

கோபம் வந்தது. சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது.

புதிதாக ஏறுகிறவருக்குத் தாழ்வான பலகைதான் வேண்டும் என்று விளக்கினான். தரைக்குப் பக்கமாக இருந்தால் ஆட்டம் குறைவு, தள்ளுகிற காலுக்கும் சிரமமில்லை. சக்கரம் பெரியதாக, மெத்தென்று. எங்கள் தாமான் குடியிருப்புச் சாலையில் கல் கிடக்கும், கெட்டிச் சக்கரம் கல்லில் முட்டினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இதெல்லாம் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் நாள் முழுக்க இயந்திரங்களுக்குப் பேரிங் மாற்றுகிறவன் நான்.

“எந்தக் கால் முன்னால நிக்கும்னு தெரியுமா?” என்று கேட்டான். தெரியாது. “அவங்களுக்குத் தெரியாம பின்னாலேர்ந்து லேசா தள்ளிப் பாரு. எந்தக் கால் முன்னால போவுதோ அதான்.”

ஜூன் 8, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

அக்கா சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து தோளில் தள்ளினேன். லேசாகத்தான். தட்டு உடைந்தது. அவள் கத்திய சத்தத்தில் அம்மா வெளியிலிருந்து ஓடி வந்தார்.

“பின்னாலேர்ந்து தள்ளாதடா! ஒனக்கு அறிவில்ல?”

அறையைச் சாத்திக்கொண்டாள். நான் எப்படி இதை யோசிக்காமல் போனேன்? பின்னாலிருந்து. அதுவும் அவளை. மடையன்.

ஜூன் 11, புதன்

இனி தள்ளுகிற வேலை கிடையாது, கவனிக்கிற வேலைதான். மூன்று நாளாகப் பார்க்கிறேன். வீட்டு வாசல், கிளினிக் வாசல், நேற்று மாரியம்மன் கோயில் படி. எல்லா இடத்திலும் வலது காலைத்தான் முதலில் வைக்கிறாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஆக, வலது முன்னால். முடிந்தது கதை.

ஜூன் 14, சனி

பலகை வாங்கியாகிவிட்டது. மணிக்கட்டுக் கவசமும். மேலே வெள்ளைப் பெயின்டால் இரண்டு பாதம் வரைந்தேன், வலது முன்னால். காலை வைத்து நின்றால் போதும். எனக்கே திருப்தியாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா சந்தனம், குங்குமம், நான்கு எலுமிச்சம்பழத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

“அம்மா, இது பலகைம்மா!”

“சக்கரம் இருக்குல்ல? சக்கரம் இருந்தா வண்டிதான். பழத்த வைடா.”

வைத்தேன். பலகை பழத்தின் மேல் ஏறி நின்றுகொண்டதே தவிர, ஒன்றுகூட நசுங்கவில்லை. நான் ஏறி நின்று குதித்ததும் நாலும் ஒரே நேரத்தில் பிதுங்கி, சாறு நேராகச் சக்கரத்தின் பேரிங்குக்குள். புது பேரிங்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

சாயங்காலம், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துப் போட்டிருக்கும் புது வீடமைப்புச் சாலைக்குப் போனோம். இன்னும் யாரும் குடிவரவில்லை. நல்ல தார். அவள் நான் வரைந்த பாதத்தில் நின்றாள். உடம்பு கட்டை மாதிரி. உருளும், இறங்குவாள். உருளும், இறங்குவாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“முட்டிய மடக்குக்கா! கீழ பாக்காத! இவ்ளோ ஈஸியானத—”

பலகையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். “ஷானுக்கே திருப்பிக் குடுத்திரு. எனக்கு வேணாம்.”

பிறந்தநாளாம். நல்ல பிறந்தநாள்.

ஜூன் 18, புதன்

காரில் பேசுவதில்லை. “வாரேன்”, “வந்துட்டேன்”. அவ்வளவே.

ஜூன் 20, வெள்ளி

கடைக்குப் பலகையைக் கொண்டு போனேன். ஷான் வெள்ளைப் பாதங்களைப் பார்த்தான்.

“இத எப்படிக் கண்டுபிடிச்ச?”

வாசல், படி, கோயில் எல்லாம் சொன்னேன். கல்லா மேசையில் தலையை வைத்துச் சிரித்தான்.

“டேய் மச்சான், கோயில்ல தமிழ்ப் பொண்ணு வேற எந்தக் கால வைப்பா? எங்கம்மா சர்ச்சுக்குள்ள போறப்பகூட எனக்கு ‘வலது கால், வலது கால்’னு சொல்லும்லா!”

எங்கள் வீட்டிலும்தான். புது சட்டை, புது வேலை, புது வீடு, எதற்கும் அம்மா வாசலில் நின்று சொல்வதே அதுதானே. நான் பார்த்தது அக்காவின் காலை அல்ல. அம்மா பழக்கி வைத்ததை. மூன்று நாளும் தப்பான கருவியில் அளந்திருக்கிறேன்.

பலகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தின்னர் வாங்கி வந்து பாதங்களை அழித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் அக்கா அறை வாசலில் நின்று சொன்னேன். “தப்பா வரஞ்சிட்டேன்க்கா. அன்னிக்குத் தள்ளுனதும் தப்பு. கத்துனதும் தப்பு.”

“மூணு தப்பா? காய்ச்சலாடா ஒனக்கு?” என்றாள். ஆனால் காலணியை மாட்டிக்கொண்டாள்.

அதே சாலை. அவள் முன்னால் போய் நின்றுகொண்டேன், அவள் கண்ணுக்கு நேராக. இரண்டு கையையும் நீட்டினேன். எதுவும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் வலதை வைத்தாள், எடுத்தாள். இடதை வைத்தாள். கொஞ்சம் அசைந்து பார்த்தாள். எடுக்கவில்லை.

நான் பின்பக்கமாக நடந்தேன், என் விரலைப் பிடித்துக்கொண்டே உருண்டு வந்தாள். நகம் கையில் பதிந்தது. வலிக்கிறது என்று சொல்லவில்லை. ஒரு இடத்தில் விட்டுவிட்டாள். நான்தான் இன்னும் கையை நீட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

“தள்ளுடா, வழில நிக்காத!”

தள்ளி நின்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

மழை. நனைந்தால் பேரிங் போய்விடும் என்றேன். ஜன்னலருகே பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

எழுந்து பார்த்தபோது அக்கா வீட்டில் இல்லை. “போலோவுக்குப் போய்ட்டா, அங்க பலகை ஓட்டுற பொண்ணுங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க” என்றார் அம்மா. என்னை எழுப்பவில்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்கு மேல் வந்தாள். முகமெல்லாம் வேர்வை. முழங்கையில் பெரிய சிராய்ப்பு. எனக்குப் பதறிவிட்டது.

“எங்கக்கா விழுந்த?”

காலணியைக் கழற்றியபடியே கேட்டாள்:

“எந்தத் தடவைய கேக்குற?”