ரேவதியின் தொப்பி ஊசி

என் ரேவதிக்கு,

நீ இதைப் படிக்கப்போவதில்லை. ஆவி, மறுபிறவி எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்கும் தெரியும். ஆனாலும் இந்தச் செய்தியை வேறு யாரிடம் போய்ச் சொல்ல? கேட்டதும் என்னைத் திட்டவேண்டியவள் நீதான்.

உன் ஊதாக் கல் ஊசி போய்விட்டது.

துபாயைக் காலிசெய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டுச் சாமான்களை விற்றபோது அதை வாங்கி வந்தாய். ஒரு சாணுக்கு மேல் நீளமான எஃகுக் கம்பி, தலையில் வெள்ளிக் கொடி சுற்றிய கண்ணாடிக் கல். நூறு வருஷத்துக்கு முன்னால் சீமைப் பெண்கள் தாம்பாளம் அளவு தொப்பி போட்டார்களாம். அது பறக்காமல் இருக்க, தொப்பியையும் முடியையும் சேர்த்துக் குத்துகிற நகையாம் இது. உன்னிடம் தொப்பி ஏது? “கொண்டை ஊசின்னு வச்சுக்கோயேன்க்கா” என்று செருகிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாய்.

டிராமில் கைவைத்த ஆண்களை இதால் குத்தினார்கள், அதனால் ஊசியின் நீளத்துக்கே சட்டம் போட்டார்கள் என்று சொன்னாய். நான் நம்பவில்லை. தேடிப் படித்துப் பார்த்தேன், சில ஊர்களில் உண்மைதான். “பாத்தியா, ஆம்பளைங்க கை நீளத்துக்குச் சட்டம் போடல” என்று சிரித்தாய்.

உன் வீட்டுக்காரர் செந்தில் உன் உடலைத் திருச்சிக்கு எடுத்துப்போன பிறகு, அங்கிருந்து நிலா போன் செய்தாள். “அம்மாவோட பர்ப்பிள் பின் மட்டும் போதும் ஆன்ட்டி. வேற எதுவும் வேண்டாம்.” பர் துபாய்ப் பகுதியில் பூட்டிக்கிடந்த உன் வீட்டைத் திறந்து எடுத்தேன். கல்லுக்குக் கீழே உன் முடி இரண்டு மூன்று சுற்றிக் கிடந்தது. அப்படியே விட்டுவிட்டேன். அவள் கேட்டது அதைத்தானோ?

பெட்டியில் போட்டால் வளைந்துவிடும் என்று பயந்து, உன்னைப் போலவே கொண்டையில் செருகிக்கொண்டேன். இவ்வளவு படித்தும் அது எனக்கு ஆயுதமாகத் தெரியவில்லை, பார். கொண்டை ஊசியாகத்தான் தெரிந்தது.

துபாய் ஏர்போர்ட் சோதனையில் கருவி கத்தியது. சோதனை செய்த பெண் ஊசியை உருவி, மேசைமேல் வைத்து, “இது என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“தொப்பி ஊசி.”

“தொப்பி எங்கே?”

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பின்னால் நின்ற நம்மூர்க்காரர் ஒருவர், “கொண்டை ஊசிக்கா இவ்ளோ பஞ்சாயத்து? யல்லா, சீக்கிரம் அக்கா, குடுத்துட்டு வாங்க. பிளேன் போயிரும்” என்றார். இறந்துபோன என் தோழியுடையது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது, விதி இளகவில்லை. வெளியே போய்ப் பெட்டியில் போட்டு அனுப்பலாம் என்றாள். பெட்டி ஏற்கெனவே போயாயிற்று. வெளியே போனால் விமானமும் போய்விடும். விடிந்தால் உன் காரியம்.

நிலாவைப் போனில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அப்பா யார்கூடவும் பேச மாட்டேங்கிறார். எனக்குத் தனியா பயமா இருக்கு. நீங்க வந்துடுங்க ஆன்ட்டி, அதை விட்டுடுங்க” என்றாள்.

விட்டுவிட்டேன். கத்தரிக்கோல்களும் லைட்டர்களும் கிடந்த ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அது விழுந்தது. அந்த முடியையாவது பிரித்து எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது விமானம் மேலே போன பிறகுதான் உறைத்தது. அப்போது உறைத்து என்ன செய்ய?

திருச்சியில் நிலா வாசலில் காத்திருந்தாள். எல்லாம் தெரிந்தும் அவள் கண் முதலில் என் கொண்டைக்குத்தான் போனது. பிறகு, “சாப்பிட்டீங்களா ஆன்ட்டி?” என்று கேட்டாள். உன் குரல் மாதிரியே. காரியம் ஒழுங்காக நடந்தது. செந்தில் இன்னும் பேசவில்லை. அவரை என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை, ரேவதி. நிலாவையும்தான்.

அடுத்த வாரம் துபாய் திரும்புகிறேன். இறங்கியதும் ஏர்போர்ட்டில் அந்தச் சோதனைக்காரர்களிடம் போய்க் கேட்பேன். வைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை; நிலாவையும் நம்பச் சொல்லவில்லை. கிடைக்கும் என்று உனக்கு வாக்குத் தரமாட்டேன். இல்லை என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை கேட்பேன், அவ்வளவுதான்.

ஒரு வயது மூத்தவள் என்பதால் உனக்கு அக்காவாகிப்போன,
சுகுணா