பார்க்கிங்கில் நின்ற தண்ணி

ஐப்பசி 20, வியாழன்.

காலையில கொட்டின மழையில ஏரித் தண்ணி எங்க அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு. நாங்க நெல் போட்ட வயல்லதான் இந்தக் கட்டடமே நிக்குது. சுவத்து ஓட்டை வழியா தண்ணி பக்கத்து மனைக்குப் போய்க்கிட்டிருந்தது. நான் பாட்டுக்கு மண்மூட்டையை இழுத்துப் போட்டு அடைச்சேன். நம்ம முறைக்கு ஏரியில திறந்துவிட்ட தண்ணியைப் பக்கத்து வயலுக்கு விட்டா அப்பா தோலை உரிச்சுடுவார்.

"சார், என்ன பண்றீங்க? என் வண்டி முழுகுது!"

கீழ்வீட்ல வாடகைக்கு இருக்கிற ஸ்டெல்லா கத்தினப்பதான் சுதாரிச்சேன். குப்பை அடைச்சிருக்கும்மான்னு பொய் சொல்லி மூட்டையை நகர்த்தினேன். தண்ணி வடிய வடிய வயிறு எரிஞ்சுது.

இப்ப பார்க்கிங்ல தவளை கத்துது. கண்ணு சொக்குது. விடிஞ்சதும் நடவுக்கு ஆள் சொல்லணும்.