விளக்கு வைத்த பிறகு அவரைப் பந்தல்

முத்தியால்பேட்டை,
கார்த்திகைக் கடைசி.

அன்புள்ள சுமலதாவுக்கு,

நான் நலம். நீயும் தேவிப்பிரியாவும் குட்டிப் பேத்தியும் பிரான்சில் அந்த லியோன் ஊர்க் குளிரில் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால், குழந்தை சிணுங்கியதும் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். தை பிறந்ததும் திரும்புவதாகச் சொன்னவள், ‘மகள் வைகாசி வரை இருக்கச் சொல்கிறாள், நீங்களே முடிவு சொல்லுங்கள்’ என்று என் தலையில் போட்டுவிட்டாய். சொல்கிறேன். முதலில் மாடியில் நீ போட்ட அவரைப் பந்தலின் கதையைக் கேள்.

கொடி கொத்துக் கொத்தாகப் பூத்தது, காய்தான் இல்லை. பூக்கள் நூல் சுற்றியதுபோல ஒட்டிக் கிடந்தன. சிலந்தி வேலை என்று விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க வந்த பக்கத்து வீட்டுக் கமலா பார்த்துவிட்டு, அது காய்ப்புழு, அந்துப்பூச்சி பூவில் முட்டை வைத்துவிட்டது என்றாள். “கூடு கட்டுன பூவப் பறிச்சிப் போடாம என்னாண்ணே பாத்துக்கினு இருக்கீங்க” என்று கேட்டாள்.

நான் என்ன செய்வது? விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக் கூடாது என்பது உன் சட்டம். விடியுமுன் சேதராப்பட்டு கம்பெனி பஸ் வந்துவிடுகிறது. ஞாயிறும் ஓவர்டைம். பொழுது சாயத் திரும்பி, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு மாடிக்குப் போவேன். தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு நல்ல பிள்ளையாக இறங்கிவிடுவேன். புழுவுக்குக் கொண்டாட்டம்! இதைச் சொன்னதும் கமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வெளக்கு ஏத்துறதே நீங்கதான? பறிச்சிட்டு வந்து ஏத்துங்களேன்” என்றாள். சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை.

கூடு கட்டிய பூக்களைப் பறித்து சோப்புத் தண்ணீரில் போட்டேன். வேப்பெண்ணெய் தெளித்தேன். இப்போது புதுப் பூ, பிஞ்சு, காய் எல்லாம் வந்துவிட்டன. கமலா வீட்டுக்கும் ஒரு பை கொடுத்தேன். நேற்று பொரியல் செய்தேன், உப்புக் கொஞ்சம் தூக்கல். ஆனாலும் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

தேவிக்கு உதவியாக அங்கேயே இரு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை சுமா. பொங்கலுக்குப் பிறகு மாப்பிள்ளை லீவு போடுவதாகச் சொன்னாரே, அது போதாதா? பேத்திக்கு என் முத்தம், தேவிக்கு என் ஆசி.

நேற்று பஸ் தாமதம், ஆனால் அது காரணமில்லை. விளக்கேற்றிய பிறகுதான் காய் பறித்தேன், வேண்டுமென்றேதான். உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் போனில் திட்டினால் நான் கேட்க மாட்டேன். தை பிறந்ததும் நேரில் வந்து திட்டு.

உன்,
ஹரிகிருஷ்ணன்