கீரைக்கட்டுக்குக் கீழே கேமரா

அன்புள்ள அண்ணி,

இன்று காலை விவேக் நகரில் நல்ல வெயில். "இந்த வெளிச்சம் பத்து மணி வரைக்கும்தான் இருக்கும், சீக்கிரம் பஸ் ஏறு" என்று நீங்கள் போன் செய்வீர்களே, அந்த வெயில். போன் வரவில்லை. வராது என்று எனக்கும் தெரியும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் கேமரா என் பீரோவில், சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது. லென்ஸ் இரண்டும் பக்கத்திலேயே. ஈரம் ஏறாமல் இருக்க மருந்து டப்பாக்களில் வருகிற சின்னப் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன். இதையெல்லாம் நான் அழுதுகொண்டே செய்ததாக நினைக்க வேண்டாம். அடக்கத்தன்றைக்குக் கூட நான்தான் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். இவளுக்கு அழுகை லேட்டாகத்தான் வரும் என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள்.

நான் சொல்ல வந்தது பையைப் பற்றி.

ஐம்பது தாண்டிய பிறகு நீங்கள் கேமரா வாங்கியபோது சிரிக்காத சொந்தக்காரர்கள் இல்லை. கடைக்காரர் முதுகில் மாட்டுகிற கறுப்புப் பைகளை எடுத்து எடுத்துப் போட்டார். நீங்கள் ஒன்றையும் தொடவில்லை. பஸ் கூட்டத்தில் முதுகுக்குப் பின்னால் யார் கை இருக்கிறதென்று எப்படித் தெரியும், ஒவ்வொரு தடவையும் கழற்றித் தரையில் வைத்துத் திறந்துகொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். கடைசியில் காக்கி கான்வாஸ் தோள்பை ஒன்றை பிளாட்பாரத்தில் வாங்கினீர்கள். பழைய யோகா பாயை வெட்டி, உள்ளே அறை அறையாகத் தைத்தீர்கள். கேமராவுக்கு ஒன்று, லென்ஸுகளுக்கு இரண்டு, பேட்டரிக்கும் துடைக்கிற துணிக்கும் ஒன்று.

அது கேமரா பை போல இருக்கக் கூடாது என்பதுதான் உங்கள் கொள்கை. பெரிய கேமரா என்றால், ஞாயிறுதோறும் நாம் படம் எடுக்கப் போகிற பூங்கா வாசலிலேயே ஆயிரம் கேள்வி. அதனால் லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறுவதற்கு முன் தள்ளுவண்டியில் ஒரு கட்டுக் கீரை வாங்கி, பைக்கு மேலே இலை தெரிகிற மாதிரி சொருகுவீர்கள். காவலாளி "பேக்ல என்னம்மா" என்று கன்னடத்தில் கேட்டால் "சொப்பு" என்பீர்கள். கீரை என்று பொருள். பொய்யும் இல்லை. மளிகைக்குப் போய்த் திரும்புகிற இரண்டு பெண்களை யார் நிறுத்தப்போகிறார்கள்?

உள்ளே போனதும் பை என் தோளுக்கு மாறும், கேமரா உங்கள் கழுத்துக்கு. லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் நான் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பையை வயிற்றுக்கு முன்னால் இழுத்து, மூடியைப் பாதி திறந்து பிடிக்க வேண்டும். தூசி படாமல் நீங்கள் பைக்குள்ளேயே கையை விட்டு மாற்றுவீர்கள். "மேசை, கொஞ்சம் இப்படித் திரும்பு." அதுதான் எனக்கு நீங்கள் வைத்த பெயர். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வாரம் முழுக்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மேசையாகவே நிற்கிற வேலை. ஆனாலும் ஒரு ஞாயிறும் நான் வராமல் இருந்ததில்லை.

இந்தக் கூத்தில் பாவம் அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு பக்கத்தில் தவறாமல் கீரைப் பொரியல். வாங்கிய கீரையை வீணாக்க முடியாதல்லவா? சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், கறி நாளிலும் தழையா என்று முணுமுணுப்பார். ஏன் வாங்குகிறீர்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நம்மோடு வாருங்கள் என்று நீங்கள் கூப்பிட்டபோதும், டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்தது போதும், ஞாயிறு கட்டிலில் படுக்கிறேன் என்றுவிட்டார்.

நீங்கள் போன பிறகு நான் கேமராவை மட்டும்தான் எடுத்து வந்தேன். வெறும் பை அங்கே சமையலறை ஆணியில் தொங்கியது. ஒரு ஞாயிறு மதியம் அண்ணனைப் பார்க்கப் போனேன். அவர் மேசை மேல் பையை வைத்து, லென்ஸ் அறையிலிருந்து தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். பேட்டரி அறையில் முட்டை. கேமரா இருந்த இடத்தில், அண்ணி, ஒரு பாலித்தீன் கவரில் கானாங்கெளுத்தி. மேலே பாதி வாடிய ஒரு கட்டுக் கீரை.

ஒரு தக்காளி கூட நசுங்கவில்லை பார், முட்டைக்கென்றே தைத்த மாதிரி இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். மார்க்கெட் முழுக்கச் சுற்றி வந்திருக்கிறார். முகத்தில் கொஞ்சம் வெயில் பட்டிருந்தது. அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை, மீன் வாசனையைத்தான் கவனித்தேன். இது அண்ணியின் கேமரா பை என்று கத்தினேன். அவர் மீனை எடுத்து சிங்க்கில் வைத்தார். பையைக் கொட்டிக் கவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று தண்ணீரில் அலசி, எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஹாலில் ஆணியடித்து மாட்டினேன். வாசனை போய்விட்டது. பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குத் திருப்தி.

அதற்குப் பிறகுதான் உங்கள் கீழ்வீட்டு ஃப்ளோரா அக்கா போன் செய்தார். அண்ணன் வெளியே வருவதே இல்லையாம். காய்கறி எல்லாம் போனில் சொல்லி வாசலுக்கே வருகிறதாம். சர்ச் பூசைக்கும் வரவில்லையாம். ஜன்னல் ஓரத்து மர நாற்காலியிலேயே இருக்கிறாராம்.

அந்த நாற்காலி உங்களுக்குத் தெரியும். அம்மா போன பிறகு அப்பா அதில்தான் உட்கார்ந்தார். பெரிய நோய் ஒன்றும் இல்லை. உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை, அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை. எனக்கு இனி இருப்பது இந்த ஒரு அண்ணன். அவரும் அதே நாற்காலியில் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

போனேன். திட்டினேன். கட்டைப்பை, சக்கரம் வைத்த பை என்று வாங்கிக்கொண்டு போய் முன்னால் வைத்தேன். மார்க்கெட்டுக்குப் போக இது வசதி, அது வசதி என்று விற்பனைக்காரி மாதிரி பேசினேன். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. கடைசியில் கேட்டார்.

"அந்தப் பைய எங்க வெச்சிருக்க?"

"ஹால்ல. ஆணியில."

"நானும் அப்படித்தான் வெச்சிருந்தேன். ஆணியில தொங்குறத பாத்துக்கிட்டே உக்கார முடியல, ஜெசி. தோள்ல போட்டுக்கிட்டா கண்ணு முன்னாடி இருக்காதுல்ல."

டீ போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஈஜிபுரா சிக்னல் வரை அந்த வாக்கியம்தான் கூடவே வந்தது. அது கேமரா பை என்று அவருக்குத் தெரியாமலா அத்தனை நாள் சுமந்தார்?

அடுத்த ஞாயிறு கேமராவையும் லென்ஸுகளையும் அதனதன் அறையில் வைத்து, பையை லிங்கராஜபுரத்துக்கே எடுத்துப்போனேன். படம் எடுக்கத் தெரியாத நாத்தனார், எடுக்கவே விரும்பாத புருஷன். உங்கள் கேமராவுக்கு வாய்த்த ஆட்களைப் பாருங்கள். சட்டை மாற்றுங்கள், போகலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பையையே பார்த்தார். பிறகு எழுந்து தோளில் போட்டுக்கொண்டார். வார் உங்கள் உயரத்துக்கு வைத்தபடியே இருந்ததால் அவருக்கு இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. சரி செய்யட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார்.

தள்ளுவண்டிப் பக்கம் வந்ததும் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக. அவராகவே ஒரு கட்டுத் தண்டுக்கீரை வாங்கி, இலை வெளியே தெரிகிற மாதிரி சொருகினார். பூங்கா வாசலில் காவலாளி கேட்டபோது நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் "சொப்பு" என்றார்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று உள்ளே போனதும் அண்ணனைக் கேட்டேன்.

"வருஷக்கணக்கா மட்டனோட கீரை தின்னவன். ராத்திரியில அவ ஒவ்வொரு படமா காட்டும்போதே கதையும் சொல்லிடுவா. எனக்குத் தெரியாதா?"

மூங்கில் புதர் பக்கம் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. கழுத்தில் கேமராவோடு நான் நிற்பது அதுதான் முதல் தடவை. சின்ன லென்ஸில் அது கடுகளவுதான் தெரிந்தது. பெரியதை மாட்ட வேண்டும். அண்ணனைக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். அவர் நின்று, பையை முன்னால் இழுத்து, மூடியைப் பாதி திறந்து, என்னைப் போலவே பிடித்தார். நான் கீரையை ஒதுக்கிவிட்டு உள்ளே கையை விட்டேன். அப்போது வந்தது, அண்ணி, அந்த லேட் அழுகை. லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணன் வயிற்றருகே குனிந்தபடி, பைக்குள்ளேயே அழுதேன். உங்கள் கை நுழைந்த இடம் அது. நீங்கள் இல்லாதது எனக்கு வலிக்கிறது.

அண்ணன் அசையவில்லை. லென்ஸில் தண்ணீர் படப்போகிறது என்று மட்டும் சொன்னார். மீன்கொத்தி எப்போதோ பறந்துவிட்டிருந்தது. வெறும் மூங்கிலை எடுத்தேன். அந்தப் படமும் ஆடி மங்கிவிட்டது. அன்று மதியம் மட்டனும் கீரைப் பொரியலும் சாப்பிட்டோம். அவர் முணுமுணுக்கவில்லை.

உங்களைப் போல எடுப்பேன் என்று உறுதி சொல்ல மாட்டேன். அது நடக்காது, நீங்களும் நம்ப மாட்டீர்கள். ஒன்றுக்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். மழை இல்லாத ஞாயிறுகளில் உங்கள் பை அவர் தோளில் இருக்கும். அவர் தோள் வலித்தால் என் தோளில். ஹாலில் அடித்த ஆணியை நேற்றே பிடுங்கிவிட்டேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
மேசை வேலையை உங்கள் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்ட
ஜெசி