பர்னபா ஆலயத்தின் சிமெண்ட் குவிமாடம்

அனுப்புநர்:
உஷாராணி ஜெயசீலன்,
அரசுக் குடியிருப்பு,
லோதி ரோடு, புது தில்லி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பழங்கட்டடப் பராமரிப்புப் பிரிவு,
தில்லி.

பொருள்: சிவில் லைன்ஸ் தூய பர்னபா ஆலயக் குவிமாடப் பூச்சு விழுந்து என் கணவர் இறந்தது – தவறான விசாரணை அறிக்கையைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தியிலும் ஆங்கிலத்திலும் நான் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் இல்லை. தாங்கள் திருநெல்வேலிக்காரர் என்று அறிந்ததால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

1. அந்த ஆலயம் 1840-களில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்டது. குவிமாடத்தைச் சுற்றிலும் வட்டமான காற்றுத் துளைகள். மழையில் ஊறும் ஈரம் அவ்வழியே காய்ந்துவிடும். 1857 கலகத்தில் பாய்ந்த குண்டுகளின் தழும்பு வாசல் தூண்களில் இன்றும் உண்டு. அப்போதுகூடக் குவிமாடத்திற்கு ஒன்றும் ஆகவில்லை.

2. சென்ற ஆண்டு தங்கள் பிரிவினர் அதைச் சீரமைத்தார்கள். சுண்ணாம்பின் மேல் சிமெண்ட் பூசினார்கள். புறா வருகிறதென்று துளைகளை அடைத்தார்கள். ஈரம் உள்ளேயே தங்கியது. தமிழ் ஆராதனையில் ஆர்மோனியம் வாசித்துவந்த என் கணவர் ஜெயசீலன், பூச்சு உப்பி நிற்பதைத் தங்கள் பொறியாளரிடம் எடுத்துச் சொன்னார். "ஹோ ஜாயேகா, ஆகிவிடும்" என்றார் பொறியாளர். ஆகிவிட்டது.

3. இந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மாலை, முதல் பாட்டு முடியுமுன் பூச்சு பெயர்ந்து என் கணவர் தலைமேல் விழுந்தது. இரண்டாம் வரிசையிலிருந்து ஓடினேன். சுண்ணாம்புத் தூள் அப்பிய அவர் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

4. 'தமிழ்ச் சபையினரின் டோலக் அதிர்வே காரணம்' என்கிறது தங்கள் அறிக்கை. எங்கள் ஆராதனையில் டோலக் வாசிக்கப்பட்டதே இல்லை. அதைச் சாக்கிட்டு ஆராதனையும் நிறுத்தப்பட்டுவிட்டது. "அப்பா வாசிச்சதாலயாம்மா விழுந்துச்சு?" என்று என் மகள் சிந்து கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்லவேண்டியவள் நானல்ல, ஐயா.

5. பழுதுபார்த்த ஆலயத்தின் அடுத்த மாதத் திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாக அழைப்பு வந்துள்ளது. விழுந்த இடத்தில் மறுபடியும் சிமெண்டே பூசியிருக்கிறார்கள்.

ஆகவே அறிக்கையைத் திருத்தி, சிமெண்டை அகற்றி, துளைகளைத் திறந்து, தமிழ் ஆராதனையை மீண்டும் அனுமதிக்க வேண்டுகிறேன். இயலாதெனில், விழாவன்று தங்கள் நாற்காலியைக் குவிமாடத்தின் நேர் கீழே, என் கணவர் உட்கார்ந்திருந்த இடத்தில் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் நானும் உட்காருகிறேன்.

இடம்: புது தில்லி
நாள்: 12.11.2003

மரியாதை குறையாமல்,
(ஒப்பம்)
உஷாராணி ஜெயசீலன்